இருவருக்கு மட்டுமே தெரிந்த விளையாட்டு

ஒரு குழந்தையின் நெருங்கிய தோழியோ தோழனோ குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விடும்போது, சுற்றியுள்ள பெரியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். "இவ இல்லைன்னா என்ன, வேற ஃப்ரெண்டு கிடைக்காமலா போயிடுவா" என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், காலம் ஆற்றும் என்பது அவர்கள் வாழ்ந்து கண்ட உண்மையும்கூட. ஆனால் அதைக் கேட்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைப்பதில்லை. தனக்கு நேர்ந்ததை இவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் புரிகிறது.

என் மகளின் உயிர்த்தோழி அப்படித்தான் ஊர் மாறிப் போனாள். மழலையர் வகுப்பில் தொடங்கிய நட்பு அது. பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கை, வகுப்பில் ஒரே பெஞ்சு, மாலையில் இருவரில் யாராவது ஒருவர் வீட்டு மாடிப்படி என்று நகமும் சதையுமாக இருந்தார்கள். அவள் போன பிறகு என் மகளைப் பக்கத்திலிருந்து கவனித்ததிலும், குழந்தைகளின் நட்பை ஆராய்ந்தவர்கள் எழுதியவற்றைப் படித்ததிலும் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தோழி போகும்போது, அந்த இருவர் சேர்ந்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு வாழ்க்கையும் அவளோடு போய்விடுகிறது. இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இன்னது நடக்கும் என்று அன்றாடத்தோடு பின்னிக் கிடந்த வாழ்க்கை அது. பொத்தாம் பொதுவாகச் சொல்லப்படும் ஆறுதல் அதைத் தொடுவதே இல்லை. எந்த நேரம் வெறுமையானது, எந்த இடம் காலியானது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் குழந்தைக்குத் துணை நிற்க முடியும்.

துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கரான கென்னத் டோகா, சமூகம் துக்கம் என்று ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989-இல் விரிவாக எழுதினார். நெருங்கிய உறவினர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள், வேலைக்கு விடுப்புக் கிடைக்கிறது, வாய்விட்டு அழுதாலும் யாரும் குறை சொல்வதில்லை. இவற்றில் எதுவுமே கிடைக்காத இழப்புகளும் இருக்கின்றன என்பதையும், அவற்றுக்கு ஆளானவர்கள் தங்கள் வருத்தத்தை வெளியில் சொல்லவே கூசுகிறார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தோழியைப் பிரிந்த குழந்தையின் நிலையும் இதுதான். யாரும் இறந்துவிடவில்லை, தோழி எங்கோ நலமாகத்தான் இருக்கிறாள், நினைத்தால் தொலைபேசியில் பேசலாம். அப்படியிருக்க எதற்கு இந்த அழுகை என்று கேட்டால் குழந்தையிடம் பதில் இருக்காது. பதில் இல்லாததனாலேயே அது அழுகையை உள்ளே அடக்கிக்கொள்கிறது.

நான்கு வயதில் இருக்கும் நட்பும் பத்து வயதில் இருக்கும் நட்பும் ஒன்றல்ல. நட்பைப் பற்றிக் குழந்தைகளிடமே கேட்டு, அவர்கள் சொன்ன பதில்களை வயதுவாரியாக ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் செல்மன், சிறு பிள்ளைகளுக்கு நண்பர் என்றால் இந்த நேரத்தில் தன்னோடு விளையாடிக்கொண்டிருப்பவர் என்பதற்கு மேல் அதிகப் பொருள் இல்லை என்று கண்டார். பக்கத்தில் இருப்பதே அந்த வயதில் நட்பாகிவிடுகிறது. வளர வளர, நீ எனக்கு இதைச் செய்தால் நான் உனக்கு அதைச் செய்கிறேன் என்ற கணக்கு வருகிறது. அதன் பிறகுதான் இரகசியங்களைப் பகிர்ந்துகொள்வதும், சண்டை வந்தாலும் உறவு முறியாது என்ற நம்பிக்கையும் வருகின்றன. மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன், ஏறக்குறைய எட்டரை வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்கும் நெருங்கிய நட்புக்குத் தனி இடம் கொடுத்தார். தன்னுடைய மகிழ்ச்சி எவ்வளவு முக்கியமோ அதே அளவுக்கு இன்னொருவருடைய மகிழ்ச்சியும் தனக்கு முக்கியம் என்று ஒரு மனிதர் உணரும் முதல் உறவு அதுதான் என்பது அவர் கருத்து. பெற்றோரிடம் குழந்தை அன்பைப் பெற்றுக்கொள்கிறது. தன் வயதுத் தோழியிடம்தான், கொடுக்காமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு வருகிறது. அப்படி ஒரு நிலைக்கு வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே அந்தத் தோழி போய்விட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

இது மனத்தோடு மட்டும் நிற்கும் விஷயமும் அன்று. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்குச் சற்று அதிகமானோரைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அன்றாடம் அவர்களுக்கு நேர்ந்த கசப்பான அனுபவங்களை அவர்களையே குறித்துவைக்கச் சொன்னார்கள். அவர்களுடைய உமிழ்நீரில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது உடலில் அதிகமாகச் சுரப்பது கார்டிசால். கசப்பான ஒன்று நடந்த வேளையில் நெருங்கிய நண்பர் கூட இருந்தால் கார்டிசால் அவ்வளவாக உயரவில்லை. தன்னைப் பற்றிய மதிப்பும் அவ்வளவாகக் குறையவில்லை. நண்பர் அருகில் இல்லாதபோது இரண்டுமே நேர்மாறாக இருந்தன. வகுப்பில் யாராவது கேலி செய்தாலும், மதிப்பெண் குறைந்து டீச்சர் கடிந்துகொண்டாலும் அதைத் தாங்கிக்கொள்ள இதுவரை உடலுக்குப் பக்கத்தில் ஒரு துணை இருந்தது என்பதையும், தோழி போன மறுநாளிலிருந்து அதே கேலியும் அதே கண்டிப்பும் முழுப் பாரத்தோடு இறங்குகின்றன என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். முன்பெல்லாம் உதறிவிட்டுப் போன சின்ன விஷயத்துக்கெல்லாம் குழந்தை இப்போது உடைந்து அழுகிறதே என்று வியப்பவர்களுக்கு இதுவே விளக்கம்.

குழந்தைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு பெரிய ஆதரவாக இருக்க முடியும் என்பதற்கு நான் படித்தவற்றில் மிகவும் உலுக்கிய சான்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின், குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்த ஆனா ஃபிராய்டும் அவரோடு பணியாற்றிய சோஃபி டானும் பதிவு செய்தது. நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து மீட்கப்பட்ட, பெற்றோரை இழந்த மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், 1945-இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே ஒரு கிராமத்து வீட்டில் வளர்க்கப்பட்டார்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே முகாமில் சேர்ந்து கிடந்த அந்த ஆறு பேருக்கும் பெரியவர்கள் யாரும் பொருட்டே இல்லை. தொடக்கத்தில் பராமரிப்பாளர்களை அடித்தார்கள், கடித்தார்கள். ஆனால் தங்களில் ஒருவரைச் சிறிது நேரம் பிரித்துவைத்தாலும் பொறுக்க மாட்டார்கள். போனவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சாப்பிடும்போது தான் உண்பதைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துக் கொடுப்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் அனுபவித்ததோடு ஓர் ஊர் மாற்றத்தை ஒப்பிட எனக்கு மனம் வராது, ஒப்பிடவும் இல்லை. குழந்தைக்குக் குழந்தை காட்டும் பற்று, பெரியவர்கள் காட்டும் அன்பின் நிழலில் முளைக்கும் ஒரு சிறிய துணைப் பற்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அந்த நினைப்பு தவறு என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

என் மகளும் அவள் தோழியும் ஒரு மருத்துவமனை நடத்திவந்தார்கள். விலங்குகளுக்கான மருத்துவமனை. ஒரு தடித்த நோட்டில் கோடு போட்டு, நோயாளியின் பெயர், நோய், மருந்து என்று மூன்று பத்திகள் பிரித்திருந்தார்கள். "ஒட்டகச்சிவிங்கி – தொண்டை வலி – மருந்து கீழே இறங்க நேரமாகும், காத்திருக்கவும்." "யானை – தும்மல் நிற்கவில்லை – பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது." மருந்து எழுதுவது என் மகளின் வேலை. விலங்குகளின் குரலில் பேசி நோயைச் சொல்வது தோழியின் வேலை. ஒவ்வொரு விலங்குக்கும் அவளிடம் ஒரு குரல் இருந்தது. தோழி போன பின் ஒரு மாலையில் என் மகள் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பத்தியில் "முயல்" என்று எழுதினாள். இரண்டாவது பத்திக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. முயலுக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரியாது. அதை முயலே வந்து சொல்ல வேண்டும். நான் முயலாகப் பேசட்டுமா என்று கேட்டேன். சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, உனக்கு அது தெரியாது" என்று நோட்டை மூடினாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

குழந்தைகளின் விளையாட்டுப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த ஜான் காட்மன் போன்ற உளவியலாளர்கள், சேர்ந்து கற்பனை செய்து விளையாடுவதை நட்பின் உச்சமான வடிவங்களில் ஒன்றாகக் கருதியதன் காரணம் எனக்கு அன்று விளங்கியது. கற்பனை விளையாட்டில் ஒவ்வொரு நொடியும் ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்று அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். பல ஆண்டுகள் பழகி உருவான அந்த விதிகளை மூன்றாவது குழந்தைக்கு விளக்கிச் சொல்ல முடியாது; சொன்னாலும் அது பாடமாகத்தான் இருக்கும். வேறு தோழி கிடைப்பாள் என்று சொல்பவர்கள் சொல்வது உண்மை. அந்த வேறு தோழிக்கு முயலின் குரல் தெரியாது என்பதும் உண்மை.

நேரில் ஒருமுறையும் காணாமலே கோப்பெருஞ்சோழன்மீது பிசிராந்தையார் கொண்டிருந்த நட்பைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் மொழி நம்முடையது. உணர்வு ஒத்துவிட்டால் போதும், ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று வளர்ந்தவர்களாகிய நாம் உண்மையிலேயே நம்புகிறோம். எத்தனையோ நட்புகளைத் தொலைவிலிருந்தே காப்பாற்றியும் வருகிறோம். அதே அளவுகோலைக் குழந்தையிடம் கொண்டுபோனால் பொருந்தாது. எட்டு வயதில் நட்பு என்பது கையும் காலும் சேர்ந்து செய்யும் காரியம். அருகருகே உட்கார்வது, ஒன்றாக ஓடுவது, ஒருவர் நோட்டில் ஒருவர் கிறுக்குவது. "மனசுல அவ எப்பவும் இருப்பா" என்று குழந்தையிடம் சொல்வதில் தவறில்லை, ஆனால் நாளைக்குப் பேருந்தில் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்ற அதன் கேள்விக்கு அது விடையாகாது.

ஊரை விட்டுப் போகும் குழந்தையைவிட இருக்கும் குழந்தைக்குப் பிரிவு கடினம் என்று நான் நினைக்கிறேன், இதை மறுப்பவர்களும் இருக்கலாம். போகும் குழந்தைக்குப் புதிய வீடு, புதிய பள்ளி, புதிய முகங்கள் என்று அச்சமும் அலைச்சலும் நிறைந்த ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. அதன் துன்பம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் எல்லோரும் விசாரிக்கிறார்கள். இருக்கும் குழந்தைக்கு எதுவும் மாறவில்லை. அதே பேருந்து, அதே பெஞ்சு, அதே மாடிப்படி. ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆள் குறைகிறார், அவ்வளவுதான். தன் பங்குக்குச் செய்வதற்கு எதுவும் இல்லாமல், ஒவ்வொரு நாளும் அந்தக் குறையைக் கடந்து போக வேண்டியிருப்பது இந்தக் குழந்தைதான்.

செய்தியை எப்போது சொல்வது என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. கடைசி நிமிடம் வரை மறைத்துவைத்தால் குழந்தை நிம்மதியாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தி மறைக்கப்பட்ட குழந்தைக்கு, நண்பரை இழந்த வருத்தத்தோடு பெரியவர்களை நம்ப முடியாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. மிகச் சீக்கிரமாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியாது. ஆகவே சிறு குழந்தைகளுக்கு, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பாகச் சொல்லி, நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டுக் காட்டுவது உதவும். பெரிய பிள்ளைகளுக்கு, முடிவானவுடன் சொல்லிவிடுவதே நல்லது. அவர்கள் எப்படியும் வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்பட்டுவிடுவார்கள். எதற்காகப் போகிறார்கள் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லப்படாத இடத்தில் குழந்தை தானே ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளும், பெரும்பாலும் தன்னையே அந்தக் காரணமாக நினைத்துக்கொள்ளும். நான் அவளோடு சண்டை போட்டதால்தான் அவள் போகிறாள் என்று ஆறேழு வயதுப் பிள்ளைகள் உண்மையாகவே நம்புவதுண்டு.

சண்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோரை மிகவும் குழப்புவது அதுதான். பிரிவு நெருங்கும் வாரங்களில் இருவரும் முன்னைவிட ஒட்டிக்கொண்டு திரிவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். பல சமயம் நடப்பது அதற்கு நேர்மாறாக இருக்கும். என் மகளும் தோழியும் கடைசி வாரங்களில் ஒன்றுமில்லாத காரணங்களுக்கெல்லாம் காய் விட்டுக்கொண்டார்கள். அழிப்பானைக் கேட்காமல் எடுத்ததற்கு ஒரு காய், படியில் முதலில் இறங்கியதற்கு ஒரு காய். மறுநாள் பழம் விடுவார்கள், மாலைக்குள் மீண்டும் காய். இவ்வளவுதானா இவர்கள் நட்பு என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார். என் மனத்தில் பட்டது வேறு. தன் கையில் இல்லாத ஒரு பிரிவை எதிர்நோக்கி இருப்பவர்கள், தன் கையில் இருக்கும் சிறிய பிரிவு ஒன்றை உண்டாக்கிப் பார்க்கிறார்கள். கோபத்தோடு விலகுவது ஆசையோடு விலகுவதைவிட எளிது, அது வளர்ந்தவர்களுக்கும் தெரிந்ததுதான். இந்த நேரத்தில் யார் செய்தது தவறு என்று விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லப் போகாமல், "அவ போறது ரெண்டு பேருக்குமே கஷ்டமா இருக்கு, அதான் இவ்ளோ கோவம் வருது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு விட்டுவிடுவது போதும். கடைசி நாளன்று காய் விட்ட நிலையிலேயே பிரிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரிய நேர்ந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்த வாரமே ஒரு தொலைபேசி அழைப்பில் பழம் விட்டுவிடலாம், அந்த அழைப்பைப் போட்டுக் கொடுப்பது நம் வேலை.

விடைபெறும் நாளில் சில குழந்தைகள் கதறி அழுவார்கள். சிலர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வண்டி கிளம்பும்போது வேறு பக்கம் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வகைக் குழந்தையைப் பார்த்து "இவளுக்கு ஒண்ணும் பெருசாத் தெரியல" என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 1940களின் இறுதியில் லண்டன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட சிறு பிள்ளைகளைக் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சன், தாயைப் பிரிந்து முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்த குழந்தைகள் சில நாட்களில் அமைதியாகிவிடுவதையும், குழந்தை பழகிவிட்டது என்று ஊழியர்கள் மகிழ்வதையும் கண்டு, அந்த அமைதி தேறியதன் அடையாளம் அன்று, நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்று வாதாடினார். அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் சேர்ந்து செய்த பணியால்தான் மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையோடு தங்கும் வழக்கம் மெல்ல மெல்ல வந்தது. தாயைப் பிரிவதும் தோழியைப் பிரிவதும் ஒன்றாகாது. இருந்தாலும் அழாத குழந்தை வருந்தாத குழந்தை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்ற அந்தப் பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

வருத்தம் வேறு வழிகளில் வெளியே வரும். காலையில் வயிறு வலிக்கும். இரவில் தூக்கம் பிடிக்காது. தம்பியின்மேல் எரிந்து விழுவது, அம்மாவைக் குறைசொல்வது, வீட்டுப்பாடம் எழுத மறுப்பது என்று எதிலெதிலோ தலைகாட்டும். இவற்றில் பல சில வாரங்களில் தாமாகவே குறைந்துவிடும். தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் சரியாகாமல் இருந்தாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, தான் எதற்கும் லாயக்கில்லை என்பதுபோலப் பேசினாலோ குழந்தைகள் நல மருத்துவரிடமோ உளநல ஆலோசகரிடமோ அழைத்துப் போக வேண்டும். இதற்குப் போய் டாக்டரா என்று தள்ளிப்போடுவதால் குழந்தைக்குத்தான் கஷ்டம்.

உதவி என்பது எங்கள் வீட்டில் ஒரு தாளில் தொடங்கியது. ஒரு நாளில் எந்தெந்த நேரம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று மகளிடம் கேட்டு, அவள் சொன்னதை எழுதினோம். நான் எதிர்பார்த்தது மாலை நேரத்தை. அவள் முதலில் சொன்னது மதிய இடைவேளையில் கை கழுவிவிட்டுத் திரும்பும் சில நிமிடங்களை. சாப்பிடும்போது எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், அங்கே தனிமை தெரியாது. கை கழுவி முடித்ததும் ஆளாளுக்குத் தங்கள் ஜோடியோடு கிளம்பிவிடுவார்கள், அப்போதுதான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குழாயடியிலேயே நிற்பாளாம். இதை அவளிடம் கேட்காமல் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. வகுப்பாசிரியையிடம் சொன்னோம், அந்த நேரத்தில் அறிவிப்புப் பலகையை மாற்றி ஒட்டும் பொறுப்பை அவளிடமும் வேறு இரண்டு பிள்ளைகளிடமும் அவர் ஒப்படைத்தார். அந்த இரண்டு பேரும் அவளுக்கு உயிர்த்தோழிகள் ஆகிவிடவில்லை. அவள் போக வேண்டிய திசை ஒன்று கிடைத்தது, அந்த மாதத்துக்கு அவளுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

புதிய நட்புக்கு அவசரப்படுத்துவதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. விடைபெற்ற அதே வாரத்தில் வேறொரு குழந்தையை வீட்டுக்கு வரவழைத்து, ரெண்டு பேரும் விளையாடுங்க என்று அறைக்குள் விட்டால், தன் தோழியின் இடத்தைத் தன் பெற்றோரே நிரப்பப் பார்க்கிறார்கள் என்றுதான் குழந்தைக்குத் தோன்றும். புதிதாக ஒருவரோடு சிரித்துப் பேசினாலே பழைய தோழிக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற குற்ற உணர்வு பல குழந்தைகளுக்கு இருக்கிறது. "அவளும் அங்க புதுசா ஃப்ரெண்ட்ஸ் பிடிப்பா, நீயும் பிடிக்கலாம், அதனால நீங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் இல்லைன்னு ஆயிடாது" என்பதைத் தோழியின் அம்மாவே தொலைபேசியில் என் மகளிடம் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் சொல்லால் உண்டாக்கியிருக்க முடியாது. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்வது இதற்காகத்தான் முக்கியம். ஏற்கெனவே ஜோடியாக இருக்கும் இரண்டு பேரோடு மூன்றாவதாகச் சேர்த்துவிடுவதைவிட, ஐந்தாறு பேர் சேர்ந்து செய்யும் ஒரு செயலில், விளையாட்டுக் குழுவிலோ ஓவிய வகுப்பிலோ, இடம்பிடித்துக் கொடுப்பது நல்லது.

தொலைபேசியும் வீடியோ காலும் இருக்கும் காலத்தில் பிரிவு அவ்வளவு கடினமா என்று கேட்கலாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை எதிரெதிரே திரையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். "என்ன பண்ற?" "சும்மாதான்." "நீ?" "சும்மாதான்." அதற்கு மேல் பேச்சு நகராது. அவர்களுக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று பொருளில்லை. அவர்கள் நட்பு உட்கார்ந்து பேசும் நட்பாக ஒருபோதும் இருந்ததில்லை. அழைப்பின்போது செய்ய ஏதாவது ஒரு காரியம் வேண்டும். இரண்டு பேரும் ஒரே படத்தை வரையலாம், ஒரே புத்தகத்தைப் பக்கம் மாற்றி வாசிக்கலாம், வார்த்தை விளையாட்டு விளையாடலாம். கடிதமும் நல்லது, கையால் தொட்டுப் பார்க்கவும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளவும் முடிகிற பொருள் அது. நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்துவிட்டால், எப்போது அழைப்பு வரும் என்று நாள் முழுவதும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

அழைப்புகள் நாளடைவில் குறையும். வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறையாகும், பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் என்றாகும். இதைத் தோல்வியாகப் பார்த்து, வற்புறுத்திப் பேசவைப்பதில் பயனில்லை. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர்கள் இளைஞர்களானபோது மீண்டும் ஆராய்ந்த ஓர் ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அந்தச் சிறு வயதில் ஒரு நெருங்கிய நண்பரைப் பெற்றிருந்தவர்கள், வளர்ந்த பிறகு தங்களைப் பற்றி உயர்வான மதிப்பு வைத்திருந்தார்கள். ஆகையால் இணைபிரியாமல் இருந்த அந்த ஆண்டுகள், பேச்சு நின்றுபோனாலும் வீணாகிவிடவில்லை என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து என் மகள் ஒரு நாள், "அம்மா, இன்னிக்கு முழுக்க அவளை நினைக்கவே மறந்துட்டேன்" என்று சொன்னாள். குரலில் பயம் இருந்தது. மறந்தது உன் தப்பில்லை, இன்றைக்கு உனக்கு நல்ல நாளாக இருந்திருக்கிறது, அதைத் தெரிந்தால் அவளும் சந்தோஷப்படுவாள் என்று சொன்னேன். அதை அவளிடமே சொல்லலாமா என்று கேட்டு, அடுத்த அழைப்பில் சொல்லவும் செய்தாள். தனக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு நேரில் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பெரியவர்கள் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், புகைப்படம் எடுக்கலாம் என்று காத்திருந்த எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் முன்னால், இருவரும் அவரவர் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். இருவரும் வளர்ந்திருந்தார்கள்; தோழியின் முன்பற்கள் புதிதாக முளைத்திருந்தன, பேச்சில்கூடப் புது ஊரின் சாயல் ஏறியிருந்தது. "ஏன் பேசாம நிக்கிறீங்க, பேசுங்க" என்று யாரும் தூண்டாமல் விட்டதால், அரைமணி நேரத்துக்குள் மாடிப்படியில் ஏதோ சத்தம் கேட்கத் தொடங்கியது. முன்பு விளையாடிய எதையும் அவர்கள் விளையாடவில்லை என்பதைக் கவனித்தேன். தோழி புதிய பள்ளியில் கற்றுக்கொண்டு வந்த ஏதோ ஒரு கைதட்டல் விளையாட்டை என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதைத் தவறாகச் செய்ததற்காக இரண்டு முறை காயும் விட்டாள்.

கிளம்பும்போது, அடுத்து எப்போது பார்ப்போம் என்று இருவரும் கேட்டார்கள். சீக்கிரமே என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்திருக்கும். ஆண்டு விடுமுறைத் தேதிகள் வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றும், வந்த அன்றைக்கே பார்த்துச் சொல்கிறோம் என்றும் தோழியின் அம்மாவும் நானும் சொன்னோம். விடுமுறைத் தேதிகள் எந்த மாதம் வரும் என்று என் மகள் உடனே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.